“வேற ஸ்கூல் பாருங்கம்மா” என்று சொல்ல எந்தப் பள்ளிக்கும் உரிமை இல்லை!

ஜூன் மாசம் பிறந்தால் பர்கூர் ஜவுளிக்கடைகளில் சீருடைத் துணி எடுக்கக் கூட்டம் நெரியும். புதுப் பை, புதுச் செருப்பு, புது டிபன் பாக்ஸ் என்று பிள்ளைகள் துள்ளிக்கிட்டு வருவாங்க. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு தாய் மட்டும் எதுவும் வாங்காமல் நிற்பார். மகனுக்கு ஆறு வயசு ஆகிவிட்டது. ஆனால் எந்தச் சீருடை எடுப்பது என்று அவருக்குத் தெரியாது. எந்தப் பள்ளி சேர்த்துக்கும் என்பதே தெரியாதபோது சீருடைக்கு என்ன அவசரம்?

அப்படி ஒரு தாயிடம் பேசினோம். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், பள்ளிகளின் பெயரும் வேண்டாம். பையனுக்குப் பேச்சு சரியா வரல. சத்தம் அதிகமானா காதைப் பொத்திக்குவான். ஒரே இடத்தில் பத்து நிமிஷம் உட்கார மாட்டான். ஆனால் லாரி நம்பர் பிளேட்டை ஒரு தடவை பார்த்தா மறுநாள் மண்ணுல எழுதிக் காட்டுவான்.

அங்கன்வாடியில் சொன்னாங்க: “பேச்சு வரட்டும்க்கா, அப்புறம் கொண்டு வாங்க.”

தனியார் பள்ளியில் சொன்னாங்க: “எங்ககிட்ட இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு வசதி இல்லைம்மா. வேற ஸ்கூல் பாருங்கம்மா.”

அரசுப் பள்ளியில் சேர்த்துக்கிட்டாங்க. ஆனால் மூணாவது நாளே, “நீங்களும் கூட வந்து உட்காருங்க, இல்லன்னா பதினொரு மணிக்கே கூட்டிட்டுப் போயிடுங்க” என்று சொல்லிவிட்டார்கள். அவர் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். கடையில் கணக்கு எழுதும் வேலையை விட்டார். இப்போ அவர் வீட்டில், பையனும் வீட்டில். வருகைப் பதிவேட்டில் மட்டும் அவன் பள்ளியில் இருக்கிறான்.

இதைக் கேட்டுட்டு, “பாவம், என்ன செய்யறது, அவங்க விதி” என்று சொல்றவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. இதில் விதி எங்கே வந்தது? இது சட்ட மீறல். நிதி மறுப்பு. நம்ம எல்லாருடைய கூட்டு அலட்சியம்.

■ சட்டம் என்ன சொல்லுது?

2016இல் நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதுச் சட்டத்தில் 21 வகை. ஆட்டிசம் இருக்கு, கற்றல் குறைபாடு இருக்கு, பேச்சு மொழிக் குறைபாடு இருக்கு. அந்தப் பையனும் அதில் இருக்கிறான்.

அந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவைப் படிங்க. அரசு நிதி வாங்குகிற பள்ளி மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் வாங்கிய எல்லாக் கல்வி நிறுவனங்களையும் அது குறிப்பிடுது. பாகுபாடு இல்லாமல் சேர்க்கணும். கட்டடம், வளாகம் எல்லாம் அந்தக் குழந்தை போய்வருகிற மாதிரி இருக்கணும். அவனுடைய தேவைக்கேற்ற மாற்றம் செய்து தரணும். கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கணும். இதையெல்லாம் உறுதிசெய்ய வேண்டிய பொறுப்பு அரசுடையது.

31ஆவது பிரிவு என்ன சொல்லுது? 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும், 6 வயசிலிருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி. அதுவும் பக்கத்துப் பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தையின் பக்கம்தான் இருக்கு. அதைத் தீர்மானிப்பவர் தலைமையாசிரியரும் இல்லை, தாளாளரும் இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 13ஆவது பிரிவு இன்னும் கறாரானது. சேர்க்கைக்கு முன்னால் குழந்தையையோ பெற்றோரையோ சோதிச்சுப் பார்த்து வடிகட்டக் கூடாது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த தடவை ஒவ்வொண்ணுக்கும் 50,000 ரூபாய் வரை. ஏபிசிடி சொல்லச் சொல்லி, கலர் கேட்டு, பதில் வரலைன்னா “சீட் இல்ல” என்று சொல்ற ஒவ்வொரு பள்ளியும் இந்தக் கணக்கில் வரும்.

இந்த அபராதத்தை எத்தனை பள்ளிகள் கட்டினதா நீங்க கேள்விப்பட்டிருக்கீங்க? அதுதான் பிரச்சினை.

■ பிள்ளை சரியில்லையா, பள்ளி சரியில்லையா?

தமிழ்நாட்டு மண்ணுக்குத் தெரிஞ்ச ஒரு பாடத்தை இங்கே நினைவுபடுத்தணும்.

1950களில் ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வரல. வந்தாலும் மதியத்துக்கு மேல் நிக்கல. காரணம் பசி. அன்னிக்கு காமராஜர், “இந்தப் பிள்ளைகள் படிப்புக்கு லாயக்கில்லை, தனியா ஒரு பசிப் பள்ளி கட்டுங்க” என்றா சொன்னார்? பள்ளியிலேயே சோறு போட்டார். 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவாக விரிந்தது. பிறகு முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. தூரம் தடையா இருந்தா சைக்கிள் கொடுத்தோம். புத்தகம் வாங்கக் காசில்லையா, இலவசமாகக் கொடுத்தோம்.

ஒவ்வொரு தடவையும் நாம் செஞ்சது ஒண்ணுதான். பிள்ளையைக் குறை சொல்லல, பள்ளியை மாத்தினோம். பசியோட வந்த பிள்ளைக்கு ஏத்த மாதிரி பள்ளி மாறுச்சு. நடந்து வந்த பிள்ளைக்கு ஏத்த மாதிரி பள்ளி மாறுச்சு. அதனாலதான் இன்னிக்கு இந்த மாநிலம் கல்வியில் தலை நிமிர்ந்து நிக்குது.

அப்படின்னா பேச்சு தாமதமா வர்ற பிள்ளைக்கு மட்டும் ஏன் மாறக் கூடாது? எழுத்து குழம்புற பிள்ளைக்கு, காது சரியாக் கேட்காத பிள்ளைக்கு, சக்கர நாற்காலியில் வர்ற பிள்ளைக்கு மட்டும் ஏன் “நீ சரியாயிட்டு வா” என்கிறோம்?

“ஊனமுற்றோர்” என்ற சொல்லை எடுத்துவிட்டு “மாற்றுத்திறனாளி” என்று மாத்தினோம். நல்லது. பெருமையான விஷயம். ஆனால் சொல்லை மாத்தினோமே தவிர, கடைசி பெஞ்சை மாத்தலையே!

■ எல்லை ஊரில் ஒரு சாக்கு

நம்ம பகுதிக்கே உரிய ஒரு சிக்கலையும் பேசணும். பர்கூர், வரட்டனப்பள்ளி, ஒப்பதவாடி, ஜெகதேவி பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு மொழி வேற. ஒரு தெருவில் தெலுங்கு, அடுத்த தெருவில் தமிழ், பஜாரில் உருது, ஓசூர் பக்கம் போனா கன்னடம். கிரானைட் குவாரிக்கும் சிப்காட்டுக்கும் வேலைக்கு வந்த குடும்பங்களில் ஒடியாவும் இந்தியும்.

இது நம்ம பலம். ஆனால் இதையே ஒரு சாக்காக்கிட்டோம். மூணு வயசாகியும் பிள்ளை பேசலையா? “வீட்ல தெலுங்கு, வெளிய தமிழ், குழம்பிட்டான். தானா வந்துடும்.” நாலு வயசா? “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு.” அஞ்சு வயசா? “ஸ்கூல் போனா சரியாயிடும்.” ஆறு வயசில் பள்ளிக்குப் போனா அங்கே, “இவ்வளவு நாள் என்னம்மா பண்ணீங்க?” என்று கேட்கிறார்கள்.

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வராது. இதைப் பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் திரும்பத் திரும்பச் சொல்றாங்க. இரண்டு மொழியிலும் பேச்சு வரலைன்னா, கூப்பிட்டா திரும்பலைன்னா, கண்ணைப் பார்க்கலைன்னா, முதலில் காது கேட்குதான்னு சோதிக்கணும். அப்புறம் வளர்ச்சியைச் சோதிக்கணும். காது கேட்காத குழந்தைக்குச் சின்ன வயசிலேயே கருவி பொருத்தினால் பேச்சு வரும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு வருஷம் தள்ளிப் போகும்போதும் அந்த வாய்ப்பு சுருங்கிக்கிட்டே போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஆள் இல்லையா? ஏட்டில் இருக்கு. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவையும், அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வரணும். குறைபாடு தெரிந்தால் மாவட்ட மையத்துக்கு அனுப்பணும். கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தாச்சு.

அப்படியிருந்தும் நம்ம பெற்றோர்கள் ஏன் நூறு கிலோமீட்டர் தாண்டி பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு விடியக்காலை பஸ் ஏறுறாங்க? சோதனை செஞ்சு ஒரு சீட்டு கொடுத்தால் வேலை முடிஞ்சது என்று நினைப்பதால்தான். வாரத்துக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு மாவட்டத் தலைநகருக்குப் போகணும்னா, தினக்கூலி வாங்குற குடும்பம் எத்தனை வாரம் போகும்? முதல் மாசம் போவாங்க. இரண்டாவது மாசம் ஒரு நாள். மூணாவது மாசம் நின்னு போகும். “பெற்றோருக்கு அக்கறை இல்லை” என்று கோப்பில் எழுதுவார்கள். அக்கறை இருக்கு சார், அன்னைக்குக் கூலிதான் இல்லை!

இன்னொரு ஓட்டையும் இருக்கு. கல்வி உரிமைச் சட்டமும் 6 வயசில் தொடங்குது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் இலவசக் கல்வி உரிமையும் 6 வயசில் தொடங்குது. ஆனால் பேச்சு, நடை, பழகும் விதம் எல்லாம் உருவாகிறது அதுக்கு முன்னாடிதானே? மூணு வயசிலிருந்து ஆறு வயசு வரை அந்தக் குழந்தை யாருடைய பொறுப்பு? ஒரு அங்கன்வாடி ஊழியர், ஒரு உதவியாளர். சமையல், எடை பார்க்கிறது, செல்போன் செயலியில் பதிவேற்றம், கர்ப்பிணிகள் கணக்கு, இதுக்கு நடுவில் பாட்டு, கதை. 2023 நவம்பரில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி வழிகாட்டு நெறிமுறை என்று ஒன்றை ஒன்றிய அரசு டெல்லியில் வெளியிட்டது. நெறிமுறை வந்துச்சு. ஆள் வந்தாங்களா? சம்பளம் கூடுச்சா?

■ ஆசிரியர் நமக்கு எதிரி இல்லை

“பதினொரு மணிக்கே கூட்டிட்டுப் போயிடுங்க” என்று சொன்ன அந்த ஆசிரியர் மேல் நமக்குக் கோபம் வரும். வரணும். ஆனால் அந்தக் கோபம் அங்கேயே நின்னுடக் கூடாது.

அவர் வகுப்பறையைப் பாருங்க. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. அஞ்சு வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒருத்தர் தலைமையாசிரியர். அவருக்குக் கூட்டம், பதிவேடு, இணையதளப் பதிவு. மிச்சம் இருக்கிறவர் ஒரே அறையில் மூணு வகுப்பை வெச்சுக்கிட்டு இருக்கார். அந்த நேரத்தில் ஒரு குழந்தை எழுந்து ரோட்டுப் பக்கம் ஓடுது. சென்னை பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்தில் இருக்கிற ஊர் இது. அவர் யாரைப் பிடிப்பார், யாரை விடுவார்? அவர் பயந்துதான் அப்படிச் சொல்றார். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது அரசு.

எப்படிப் போக்குவது? அதுக்கும் வழி எழுதி வெச்சிருக்கு. சிறப்புப் பயிற்றுநர்!

2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொன்னது: தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதுக்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். 2022இல் ஒன்றிய அரசும் அந்த விகிதத்தை அரசிதழில் வெளியிட்டது. மாநிலங்கள் பணியிடங்களை உருவாக்காமல் இழுத்தடிச்சதால், 2025 மார்ச் 7ஆம் தேதி அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட்டது. பணியிட எண்ணிக்கையை அறிவியுங்க, முறையா நியமனம் செய்யுங்க என்று கெடு வைத்தது.

நடைமுறை எப்படி? ஒரு சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பை நிறையப் பொருளோட பஸ் ஏறி, பள்ளி பள்ளியாச் சுத்துறார். ஒரு ஊருக்கு வாரத்தில் ஒரு நாள் போனாலே பெரிய விஷயம். நடுவில் வீட்டில் படுக்கையில் இருக்கிற குழந்தைகளையும் பார்க்கணும், முகாம் நடத்தணும், அடையாள அட்டைக்கு ஆவணம் சேர்க்கணும். சம்பளம் தொகுப்பூதியம். பத்து, பதினைந்து வருஷம் வேலை பார்த்தும் நிரந்தரம் இல்லை. இவர்கள் போராடி சாலையில் உட்காராத வருஷம் உண்டா?

தமிழ்நாடு அரசையும் கேட்கிறோம். “நலம் நாடி” செயலி கொண்டு வந்தீங்க. வகுப்பாசிரியரே குழந்தையின் குறைபாட்டை அடையாளம் கண்டு பதிவு செய்யலாம். வரவேற்கிறோம். ஆனால் கண்டுபிடிச்ச பிறகு? செயலி வந்து அந்தக் குழந்தையின் கையைப் பிடிச்சு “அ” எழுத வைக்குமா? கண்டுபிடிக்கச் செயலி, கவனிக்க ஆளில்லை என்றால் அது கணக்கெடுப்பு. கல்வி இல்லை.

■ ஒரு நாளைக்குப் பத்து ரூபாய்கூட இல்லை!

இப்போ பணத்துக்கு வருவோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், சிறப்புத் தேவையுள்ள ஒரு குழந்தைக்கு மாணவர் சார்ந்த உதவிகளுக்காக வருஷத்துக்கு அதிகபட்சம் 3,500 ரூபாய் என்று வரம்பு வெச்சிருக்கு. உபகரணம், கற்றல் பொருள், போக்குவரத்து, துணைக்கு வர்றவருக்கான படி எல்லாம் இதுக்குள்ள. 365 நாளுக்கு வகுத்துப் பாருங்க. ஒரு நாளைக்கு 9 ரூபாய் 59 பைசா. பர்கூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்குக்கூடக் காணாது. பெண் குழந்தைக்குத் தனியா மாசம் 200 ரூபாய், அதுவும் பத்து மாசத்துக்கு மட்டும்.

இந்தச் சில்லறையையும் கொடுக்காமல் நிறுத்தினவங்க யார்?

2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புதல் ஆன திட்டம் 3,586 கோடி ரூபாய். அதில் 60 சதவீதம், அதாவது 2,152 கோடி, ஒன்றிய அரசின் பங்கு. முதல் தவணை 573 கோடியே வரல. காரணம்? பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடணுமாம், தேசியக் கல்விக் கொள்கையை முழுசா ஏத்துக்கணுமாம். 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு வட்டியோடு 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கே போக வேண்டியதாப் போச்சு.

மும்மொழி வேணுமா, இருமொழி வேணுமா என்று அரசியல் பண்ணுங்க. வாங்க, மேடை போட்டுப் பேசலாம். ஆனால் ஒரு மொழியே வாயில் வராத குழந்தையின் பேச்சுப் பயிற்சிப் பணத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டா மொழிக் கொள்கை பேசுவீங்க? காது கேட்காத குழந்தையின் கருவியையா பணயம் வைப்பீங்க? சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளைப் பொதுப் பள்ளியில் சேர்க்கணும் என்று உங்க தேசியக் கல்விக் கொள்கையே எழுதி வெச்சிருக்கே! உங்க கொள்கையை அமல்படுத்துகிற பணத்தை, உங்க கொள்கையின் பெயரிலேயே நிறுத்தியிருக்கீங்க.

அதே மூச்சில் மாநில அரசுக்கும் ஒரு வார்த்தை. டெல்லி பணம் தரலைன்னு சொல்றது உண்மை. ஆனால் பயிற்றுநர் பணி நிரந்தரம் டெல்லி பணத்தை நிறுத்தறதுக்கு முன்னாடியும் நடக்கல. ஒன்றிய அரசின் வஞ்சகம் மாநில அரசின் தாமதத்துக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது.

■ “ஸ்பெஷல் ஸ்கூல்தானே நல்லது?”

நல்ல மனசோட கேட்கிறவங்களும் இருக்காங்க. அவங்களுக்கு நேர்மையான பதில் சொல்லணும்.

சிறப்புப் பள்ளி வேண்டாம் என்று நாங்க சொல்லல. சைகை மொழி சொல்லித் தரும் பள்ளி, பிரெய்ல் சொல்லித் தரும் பள்ளி எல்லாம் வேணும். சில குழந்தைகளுக்கு, சில காலத்துக்கு, அதுதான் சரியான இடமாகவும் இருக்கும். ஆனால் அது பெற்றோரும் குழந்தையும் தேர்ந்தெடுக்கிற இடமா இருக்கணும். எல்லாப் பள்ளியும் கதவைச் சாத்தின பிறகு போய் விழுற இடமா இருக்கக் கூடாது. அதோட, நம்ம ஒன்றியத்தின் ஒரு குக்கிராமத்து அஞ்சு வயசுக் குழந்தையை எந்தச் சிறப்புப் பள்ளிக்கு தினமும் அனுப்புவீங்க? விடுதியில் விடச் சொல்றீங்களா? பேசவே தெரியாத அஞ்சு வயசுக் குழந்தையையா?

வீட்டுவழிக் கல்வியும் இப்படித்தான். 2012 திருத்தத்தில், கடுமையான, பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று உரிமை கொடுத்தாங்க. அது அந்தக் குழந்தைக்குக் கொடுத்த உரிமை. பள்ளி தன் தலைவலியைத் தீர்த்துக்கொள்ளக் கொடுத்த சலுகை இல்லை. நடக்கக்கூடிய, ஓடக்கூடிய பிள்ளையை வீட்டுவழிப் பட்டியலில் எழுதிவிட்டுக் கைகழுவுவது அநியாயம்.

“மத்த பிள்ளைங்க படிப்பு கெட்டுடுமே?” அடுத்த கேள்வி இதுதான். இத்தாலி நாடு 1977ஆம் வருஷமே சட்டம் போட்டுத் தனி வகுப்புகளை மூடி, எல்லாக் குழந்தைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வெச்சது. துணை ஆசிரியரையும் கூடவே அனுப்பியது. ஐம்பது வருஷமா அந்த நாட்டுப் பிள்ளைங்க படிக்காமலா போயிட்டாங்க? உதவிக்கு ஆள் இல்லாமல் சேர்த்தால் எல்லார் படிப்பும் பாதிக்கும், உண்மை. உதவியோட சேர்த்தால், மெதுவாப் பேசற டீச்சர், படம் போட்டுச் சொல்லிக் கொடுக்கிற பாடம், திரும்பச் சொல்ற பழக்கம், இதெல்லாம் மொத்த வகுப்புக்கும்தான் நல்லது. தெலுங்கு வீட்டிலிருந்து வந்து தமிழ் தடுமாறுகிற பிள்ளைக்கும் அதே படம் உதவும்.

இன்னும் ஒண்ணு. பக்கத்தில் ஒரு நண்பன் இப்படி இருக்கிறான், அவனோட இப்படி விளையாடணும் என்று ஆறு வயசில் கத்துக்கிற பிள்ளை, நாற்பது வயசில் ஒரு அதிகாரியா உட்காரும்போது மாற்றுத்திறனாளியை வரிசையில் நிக்க வைக்க மாட்டான்.

■ கேட்கிறது மலையை இல்லை

ஏதோ கோடிக்கணக்கில் கட்டடம் கேட்கிறோம் என்று நினைக்காதீங்க. ஒரு சின்னக் குழந்தை பொதுப் பள்ளியில் நிலைக்க என்ன வேணும்?

முன்வரிசையில் ஒரு இடம். ஜன்னல் சத்தம் இல்லாத பக்கம். அடுத்து என்ன நடக்கும் என்று காட்டும் நாலு படம்: பிரேயர், பாடம், சாப்பாடு, வீடு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. கூட இருக்க ஒரு தோழன். சத்தம் தாங்கலைன்னா பத்து நிமிஷம் உட்கார ஒரு அமைதியான மூலை. கைப்பிடி வெச்ச கழிப்பறை. சாய்தளம், அதுவும் சக்கர நாற்காலி ஏறுகிற சரிவில். காது கருவிக்குத் தீர்ந்தவுடன் மாத்த பேட்டரி. கருவி கொடுத்து போட்டோ எடுத்துட்டு, பேட்டரி தீர்ந்தபிறகு பரணில் கிடக்கிற கருவிகள் எத்தனை வீட்டில்! எல்லாத்துக்கும் மேல, அந்தக் குழந்தைக்குன்னு ஒரு தனித் திட்டம். இந்த மூணு மாசத்தில் இவன் என்ன கத்துக்கப் போறான் என்று ஆசிரியரும் பயிற்றுநரும் அம்மாவும் உட்கார்ந்து எழுதுற ஒரு பக்கம்.

இதில் பாதிக்குக் காசே தேவையில்லை. மனசு வேணும், நேரம் வேணும், ஆள் வேணும்.

■ எங்கள் கோரிக்கைகள்

1. ஒன்றிய அரசே! நிறுத்தி வெச்ச பள்ளிக் கல்வி நிதியை நிபந்தனை இல்லாமல் விடுவி. ஒரு குழந்தைக்கு 3,500 ரூபாய் என்ற வரம்பை உயர்த்து.

2. மாநில அரசே! 10 குழந்தைக்கு ஒருவர் என்ற உச்ச நீதிமன்ற விகிதத்தின்படி சிறப்பு ஆசிரியர் பணியிடங்களை நிரப்பு. பல வருஷம் உழைத்த பயிற்றுநர்களை நிரந்தரமாக்கு.

3. பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சியை மாவட்டத் தலைநகரோடு நிறுத்தாமல் பர்கூர் ஒன்றியத்துக்குள்ளேயே வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் நடத்து. குழந்தையோட வரும் பெற்றோருக்குப் பயணப்படி கொடு.

4. மூணு வயசிலிருந்தே உரிமை வேண்டும். அங்கன்வாடி ஊழியருக்குப் பயிற்சியும், அதற்கேற்ற ஊதியமும் கொடு.

5. சேர்க்கை மறுக்கும் பள்ளிகள் மேல் 13ஆவது பிரிவின்படி நடவடிக்கை எடு. ஒரு பள்ளியாவது அபராதம் கட்டட்டும், அப்புறம் பாருங்க!

■ நீங்க செய்ய வேண்டியது

தோழர்களே, லைக் போட்டுட்டுப் போயிடாதீங்க.

உங்க தெருவில் பள்ளிக்குப் போகாத ஒரு குழந்தை இருக்கா? அந்த வீட்டுக்குப் போங்க. பரிதாபப்பட வேண்டாம், விவரம் சொல்லுங்க. எந்தப் பள்ளியாவது “முடியாது” என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்க. வாயால் சொல்றவங்க எழுத்தில் தர மாட்டாங்க. அங்கேயே பாதி வழி திறக்கும். தரலைன்னா, எந்தத் தேதியில், யார், என்ன சொன்னாங்க என்று நீங்களே எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்க. நகல் நம்ம ஒன்றிய அலுவலகத்துக்கு வரட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர்தான் இருக்கணும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்துக்குப் போங்க. “நம்ம பள்ளிக்குச் சிறப்புப் பயிற்றுநர் எந்தெந்த நாள் வந்தாங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அடுத்த கிராம சபையில், பள்ளிச் சாய்தளத்துக்கும் கழிப்பறைக்கும் தீர்மானம் போடுங்க.

பர்கூர் கேள்வி கேட்டுப் பழகின தொகுதி. 1991இல் முதலமைச்சராகப் போனவரை ஜெயிக்க வெச்ச ஊர். அதே முதலமைச்சரை 1996இல் வீட்டுக்கு அனுப்பின ஊரும் இதுதான். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கத் தெரிஞ்ச ஜனம். இப்போ கேட்க வேண்டிய கேள்வி ரொம்பச் சின்னது: எங்க தெருப் பிள்ளைக்கு எங்க தெருப் பள்ளியில் இடம் எங்கே?

அந்தத் தாய் கடைசியாச் சொன்னது காதிலேயே நிக்குது. “அவன் கலெக்டர் ஆகணும்னு நான் கேட்கலைங்க. காலையில மத்த பிள்ளைங்க போறப்ப ஜன்னல்ல நின்னு பாக்குறான். அந்த ஜன்னல்ல இருந்து அவனை எடுத்துடணும், அவ்வளவுதான்.”

ஜன்னலில் நிற்கிற பிள்ளைகள் வகுப்பறைக்கு வரணும். அதுவரைக்கும் இந்தக் கேள்வியை விட மாட்டோம்.

பகிருங்கள், தோழர்களே. சேர்க்கை மறுக்கப்பட்ட ஏதோ ஒரு வீட்டுக்கு இது போய்ச் சேரட்டும்.

#எல்லாப்_பிள்ளைக்கும்_பக்கத்துப்_பள்ளி
#சிறப்புப்_பயிற்றுநரை_நிரந்தரமாக்கு
#கல்வி_நிதியை_விடுவி